முதல் வேண்டாம்

ஜூன் 3

பல்லும் சொல்லும் கூர்மையான அக்காவுக்கு,

உன் தங்கை எலி எழுதுவது. இங்கே நலம். நீ வேலைக்குப் போயிருக்கிற மேட்டு ஊர்க்காரர்கள் உன்னை இன்னும் உறைய வைக்கவில்லை என்றால் அங்கேயும் நலமாகத்தான் இருக்கும்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று புருவத்தைத் தூக்காதே. என் போன் அப்பாவின் பீரோவுக்குள் சிறையில் இருக்கிறது. குற்றம் சின்னதுதான். அப்பாவின் வேலைப் பையில் இருந்த "பழுது, படியில் செல்லவும்" பலகையை எடுத்துப்போய் என் கணக்கு டீச்சர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டில் மாட்டினேன். டீச்சர் ஆறாவது மாடி. அன்று சாயங்காலம் கட்டடமே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கடைசியில் யாரோ மெக்கானிக்கைக் கூப்பிட, வந்து நின்றவர் அப்பா. பலகையின் பின்பக்கம் அவருடைய கையெழுத்தே இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் மகளாகப் பிறந்தால் ஏற்ற இறக்கம் இருக்கத்தானே செய்யும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வேலையில் ஸ்பேனர் வழுக்கி வாயில் அடித்து, அப்பாவின் முன்பற்கள் மூன்று போய்விட்டன. உன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. வாயைத்தானே திறக்கக் கூடாது, பேனாவைத் திறந்துவிட்டேன். கேட்கிறவர்களிடம் எல்லாம் "சின்ன அடிதான்" என்கிறார். ஆனால் பேசும்போது கை தானாக வாய்க்குப் போகிறது. ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டுத் தின்கிறார். என் கடி ஜோக்குக்கும் சிரிப்பதில்லை. கடிப்பது என் ஒருத்தியின் பொறுப்பாகிவிட்டது.

ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிற மகளை வைத்துக்கொண்டு அவர் பொக்கையாகத் திரியலாமா? ஏதாவது செய்.

இப்படிக்கு,
சிறையிலிருந்து,
எலி

---

ஜூன் 9

அடியே எலி,

கடிதம் கிடைத்தது. முதலில் டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேள். படியிலேயே ஏறிப்போய்க் கேள்.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

நான் இங்கே உறையவில்லை. பழகிவிட்டது. நம் ஊரில் பஸ் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் நம் சித்தப்பா வேலை வரைக்கும் விசாரித்துவிடுவார். இங்கே பஸ்ஸுக்குள் டிக்கெட் கிழிகிற சத்தம் மட்டும்தான். நான் கடற்கரை ஊர்க்காரி என்று தெரிந்ததும் எங்கள் பல் பட்டறையில் ஒருத்தி, "அப்ப உங்க ஊர்ல கடிகாரம் எல்லாம் அழகுக்குத்தான் மாட்டுவாங்களாமே" என்றாள். உங்களுக்கு முகமே அழகுக்குத்தான் இருக்கிறது, சிரிக்க இல்லை என்றேன். இப்போது நல்ல சிநேகிதி.

உனக்கு ஒன்று சொல்லவில்லை. எங்கள் பட்டறையில் கடைவாய்ப் பல்லை எல்லாரும் செய்வோம். முன்பல் அப்படி இல்லை. அது ஆளுடைய முகம். நிறம், வளைவு, உதட்டின் உயரம் எல்லாம் பார்த்துச் செய்ய வேண்டும். அதற்குத் தனி மேசை. போன மாதம் முதலாளி என்னிடம் வந்து, "முன்பல் மேசைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். உள்ளே குதித்தேன். வாயோ நம் ஊர் வாய். "ஐயோ, எனக்கெதுக்கு சார், வேண்டாம்" என்றது. நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? இன்னும் இரண்டு தடவை கேளுங்கள் என்று அர்த்தம். அவர் "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவள் "சரி சார்" என்றாள். அவ்வளவுதான். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

இந்த ஊரில் முதல் வேண்டாமே முழு வேண்டாம். யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. பழகினால் அதுவும் ஒரு நிம்மதிதான்.

அக்கா

---

ஜூன் 18

நிம்மதியான அக்காவுக்கு,

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. நாலாவது மாடியிலேயே மனம் திருந்திவிட்டது, மீதி இரண்டு மாடி வட்டி.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது நான் அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் இருந்தேன். "வாங்கப்பா, நானே செஞ்சு தர்றேன்" என்றாய். "எனக்கெதுக்கும்மா, இனி யாருக்குப் பல்லைக் காட்டப் போறேன், வேண்டாம்" என்றார். அது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் நீ, "சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டாய்.

அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லைன் கட்டாயிடுச்சா?" என்று என்னைக் கேட்டார். படுக்கப் போகும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் பரணில் இருந்து பெரிய பை இறங்கியது. என்னப்பா என்றால், "சும்மா, பூச்சி வந்திருக்கான்னு பார்த்தேன்." அதன்பிறகு மாடி வீட்டு அத்தையிடம், மேட்டு ஊர் ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும் என்று பொது அறிவுக்காகக் கேட்டார். நல்ல பேண்ட் இஸ்திரிக்குப் போய் வந்தது. டீக்கடையில் ஒருவர், "மேட்டுக்காரன் பல்லை வாயில வெச்சா வார்த்தை வெளிய வராதேப்பா" என்று சீண்டினாராம். "பல்லு எந்த ஊரா இருந்தா என்ன, செய்யற கை நம்ம கை. கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, நான்தான் பிகு பண்றேன்" என்று இவர் பெருமை அடித்திருக்கிறார்.

நீயோ கூப்பிட்டுக்கொண்டே இல்லை. பை கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. உன் நிம்மதியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி கூப்பிடு.

எலி

---

ஜூன் 24

எலி,

அப்பா வேண்டாம் என்றார். நான் சரி என்றேன். இதில் என் தப்பு என்ன? இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு மேசையை விலையாகக் கொடுத்திருக்கிறேன். மூன்று தடவை கேட்டால்தான் வருவேன் என்பவருக்கு, முதல் தடவையே வர்றேன் என்று சொல்ல என்ன?

எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். நான் இந்த ஊருக்குக் கிளம்பியபோது அப்பா, "போகணுமாம்மா?" என்று கேட்டார். ஆமாம்பா என்றேன். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த தண்ணீர் கேன் போடுகிறவரிடம்கூட டீ குடி, டீ குடி என்று மூன்று தடவை கேட்கிற மனிதர், என்னை ஒரு தடவைதான் கேட்டார். ரயிலில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா

---

ஜூன் 30

அக்கா,

இந்தக் கடிதத்தில் விளையாட்டு இல்லை. வேண்டுமானால் உதறிப் பார்.

நீ கிளம்பிய அன்று உன்னை ரயில் ஏற்றிவிட்டு நானும் அப்பாவும் நடந்தே வந்தோம். எனக்கு உன்மேல் கோபம், அவர்மேல் அதைவிடக் கோபம். "ஒரு தடவைதானே கேட்டீங்க? இன்னும் ரெண்டு தடவை கேட்டா என்ன?" என்று கத்தினேன். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டார். குனிந்தபடியே, "மூணாவது தடவை கேட்டா அவ இருந்துடுவாடி" என்றார்.

அப்போது எனக்குப் புரியவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோதுதான் புரிந்தது.

பையை இன்னும் பரணில் ஏற்றவில்லை.

எலி

---

ஜூலை 16

எலிக்குட்டி,

உன் கடிதம் வந்த அன்றே அப்பாவுக்குப் போன் செய்ததும், அவர் கிளம்பி வந்ததும் உனக்குத் தெரியும். ஆனால் பேசும்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், அதனால் எழுதுகிறேன். "வாங்கப்பா" என்றேன். "வேண்டாம்மா, உனக்கெதுக்கு சிரமம்" என்றார். மறுபடி கேட்டேன். "ரயில்ல கூட்டமா இருக்குமே." மூன்றாவது தடவையும் கேட்டேன். "ஜன்னலோரம் கிடைக்குமா பாரு" என்றார்.

முதலாளியிடம் நேராகப் போய், "எங்கப்பாவுக்கு முன்பல்லை நான்தான் செய்யணும் சார், அந்த மேசை வேணும்" என்றேன். "சரி" என்றார். கேட்டால் கிடைக்கும் என்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

அளவெடுக்க வந்த அன்று முதலாளி அப்பாவுக்கு டீ நீட்டினார். அப்பா, "பரவாயில்ல சார், வேண்டாம்." டீ திரும்பிப் போய்விட்டது. அது கதவைத் தாண்டும்வரை அப்பாவின் கண்ணும் கூடவே போனது. வெளியே வந்ததும் இந்த ஊர் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். "அப்ப இங்க வெட்கப்பட்டா பட்டினிதானா?" என்றார். மறுநாள் முதலாளி டீயா என்று வாயெடுப்பதற்குள், "குடுங்க" என்று கையை நீட்டிவிட்டார்.

பல் நன்றாகப் பொருந்திவிட்டது. கண்ணாடியில் பார்த்தார், வாயை மூடினார், திரும்பத் திறந்து பார்த்தார். "கச்சிதம்" என்றார். போகிற வழியில் பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்து ஒரு காரணமும் இல்லாமல் சிரித்தார். இங்கே யாரும் அப்படிச் சிரிப்பதில்லையா, கண்டக்டர் பயந்துபோய் மீதிச் சில்லறையை அதிகமாகக் கொடுத்துவிட்டார்.

நேற்று ஊருக்குக் கிளம்ப வேண்டியது. பை வாசலுக்கு வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு வாரம் இருங்கப்பா" என்றேன். இரண்டாவது தடவை கேட்க மூச்சை இழுத்து வைத்திருந்தேன்.

"சரி" என்று பையைக் கீழே வைத்தார்.

அந்த மூச்சை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அவர் என் கட்டடத்து லிஃப்டின் உள்ளே நின்று சத்தம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு வாரம் மாடி வீட்டு அத்தையோடு சமாளித்துக்கொள்.

அக்கா

---

ஜூலை 21

அப்பாவை அபகரித்த அக்காவுக்கு,

இங்கே நான் அநாதை. அத்தை வீட்டில் நேற்று "இன்னொரு ரொட்டி?" என்று கேட்டார்கள். உங்கள் ஊர் வழக்கத்தைச் சோதித்துப் பார்க்கலாமே என்று முதல் தடவையே "போடுங்க" என்றேன். அத்தை ரொட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். பாவம், வற்புறுத்துவதற்கு மூச்சைச் சேர்த்து வைத்திருந்தார்கள் போல. மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணு காய்ஞ்சு கிடக்கு, அப்பன் என்னதான் வெச்சிட்டுப் போனானோ" என்றார்கள். எனக்குக் கேட்டது.

போன் திரும்பி வந்துவிட்டது. அப்பா கிளம்பும்போதே பீரோ சாவியை என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் திறக்க மாட்டேன் என்ற தைரியம். நேற்றுதான் திறந்தேன்.

போன் இருந்தும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பேசினால் ஏதாவது கடித்துவிட்டு வைத்துவிடுவேன். வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது. மேட்டு ஊர் பஸ் மாதிரி.

வெள்ளிக்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் லீவு. ரயில் மூன்றாவது பிளாட்பாரத்தில் நிற்குமாம், பொது அறிவுக்காகக் கேட்டு வைத்தேன். சின்னப் பையில் பூச்சி இல்லை.

என்னையும் கூப்பிடு. ஒரு தடவை போதும்.

எலி