வாவிக்கரை மண்டபப் பூட்டும் வெள்ளிக்கிழமை மீனும்

அனுப்புநர்:
மீ. நஸீர் (வயது 51), தையற்காரர்,
வாவிக்கரைக் குறுக்கு வீதி, ஏறாவூர்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், ஏறாவூர்.

ஊடாக: கிராம உத்தியோகத்தர் ஊடாக அனுப்புவதே முறை. நேரடியாக அனுப்பும் காரணம் பந்தி 5இல் உள்ளது.

பொருள்: வாவிக்கரைப் பொது மண்டபத்தின் பூட்டைத் திறந்து ஆங்கில வகுப்பைத் தொடரச் செய்யுமாறு கோருதலும், ‘ஹீ’ என்பவர் யார் என்பதை எழுத்தில் தெரிவித்தலும்.

பெருமதிப்பிற்குரிய பிரதேச செயலாளர் அவர்கட்கு,

தாங்கள் அண்மையில்தான் பொறுப்பேற்றதாக அறிந்தேன். வந்திருப்பது ஐயாவா அம்மணியா என்று விசாரித்ததில் ஊரில் இருவிதமாகவும் சொன்னார்கள். ஆகவே ‘தாங்கள்’ என்றே எழுதுகிறேன். அதில் இருவரும் அடக்கம்.

1. மேற்படி மண்டபத்தில் சென்ற பெப்ரவரி முதல் சனி, செவ்வாய் பின்னேரங்களில் பெரியோருக்கான ஆங்கில வகுப்பு நடந்து வந்தது. படிப்பிப்பவர் தன்னாமுனையைச் சேர்ந்த செல்வி கம்சாயினி. வந்தாறுமூலை வளாகத்தில் பட்டம் பெற்று, வேலைக்காகக் காத்திருப்பவர். மாணவர் பதினான்கு பேர். எட்டுப் பேர் கைத்தறி நெய்யும் பெண்கள். அவர்களில் ஒருவர் என் மனைவி றபீக்கா. மிகுதி ஆறு பேரில் நானும் ஒருவன். வகுப்பில் ஆக மக்கு யார் என்பதில் எனக்குப் போட்டி இருந்ததில்லை.

2. எதிர்வரும் ஆகஸ்ட் 9ஆம் திகதி கொழும்பில் நடைபெறும் கைப்பணிக் கண்காட்சியில் இந்த எட்டுப் பெண்களுக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. சென்ற வருடம் இவர்கள் நெய்த சேலைகளை ஒரு தரகர் கொண்டுபோய், வெளிநாட்டுக்காரர் முன்னால் நின்று ‘வீ, வீ’ (நாங்கள், நாங்கள்) என்று அரைமணி நேரம் முழங்கினார். இந்த எட்டுப் பேரில் ஒருவராய் அவருக்குப் பின்னால் நின்ற றஸீனா என்பவர் ஊருக்கு வந்து சொன்னது இது: “அவர் சொன்ன ‘வீ’க்குள்ள நானும் நிண்டனா, இல்லாட்டி வெளியதான் நிண்டனா எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியா.” இவ்வருடம் நடுவில் எவருமின்றி, “இது நான் நெய்தது, அது அவ நெய்தது” என்று தாங்களே சொல்லி விற்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. அதனால்தான் மிஸ் மூன்று மாதமாகப் பிரதிப்பெயர்களை விட்டு நகரவில்லை.

3. அது இலேசான காரியமன்று. கணவரை ‘அவங்க’ என்றே சொல்லிப் பழகிய றஸீனா, ஆங்கிலத்திலும் ‘தே’ சந்தைக்குப் போனார்கள் என்றார். எத்தனை பேர் போனார்கள் என்று மிஸ் கேட்டார். “ஒராள்தான் மிஸ், எங்கட வீட்டு அவங்க.” அப்படியானால் ‘ஹீ’ என்றார் மிஸ். “அல்லாஹ்! அவங்களப் போய் ஆட்டுக்காரப் பொடியனுக்குச் சொல்ற மாதிரிச் சொல்ல ஏலுமா?” என்று றஸீனா அழாக்குறையாக உட்கார்ந்துவிட்டார். நானோ ஒருநாள் என் மாமியாரை ‘இற்’ (அது) என்று வாசித்துவிட்டேன். மாமியாரின் மகள் இரண்டு வாங்குப் பலகை முன்னால் இருந்தார். அன்றைய சோற்றில் உப்பு இருந்ததா என்று தாங்கள் கேட்க வேண்டாம்.

4. ஜூன் 21ஆம் திகதி, பெயர் சொல்லாமல் ஒருவரைப் பற்றிச் சில வாக்கியங்கள் எழுதி வாசிக்குமாறு மிஸ் பணித்தார். நான் வாசித்ததன் தமிழாக்கம்: “அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தூண்டிலோடு வாவிக்குப் போகிறார். மீன் அவரிடம் வருவதில்லை. அவர் சந்தைக்குப் போகிறார். அதை வாங்குகிறார். நான் பிடித்தேன் என்று அவளிடம் சொல்கிறார். அவள் அதைச் சமைக்கிறாள். அவள் அவரைப் புகழ்கிறாள். அவர் வெட்கமில்லாமல் அதைச் சாப்பிடுகிறார்.” மிஸ் ‘வெரி குட்’ போட்டார். என் ஆயுளில் முதல் தடவை.

5. மண்டபத்து யன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. மஃரிப் தொழுகைக்குள் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் கடை திறந்ததும் ஒருவர் கிழியாத சேர்ட்டைத் தைக்கக் கொண்டு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “நஸீர் காக்கா, அந்த மீன் கதையில என்ட பேரை மட்டும் வெளிய விட்டிராதீங்க” என்றார். அடுத்தவர் பொத்தான் தைக்க வந்தார். “ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? மீன்காரன் சொன்னானா?” என்றார். இவ்வாறாக வியாழக்கிழமைக்குள் பதினொரு பேர். நான் ஒருவரையும் கூப்பிடவில்லை, ஒருவரையும் மறுக்கவும் இல்லை. தையல் மும்முரத்தில் தலையை மட்டும் ஆட்டினேன். அவர்களின் பெயர்களை எழுதுவது பண்பல்ல. எங்கள் கிராம உத்தியோகத்தரும் வெள்ளிதோறும் தூண்டில் போடுபவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

6. ஜூன் 28ஆம் திகதி நாங்கள் வகுப்புக்குப் போனபோது மண்டபம் பூட்டிக் கிடந்தது. கதவில் ‘திருத்த வேலை’ என்று ஓர் அறிவித்தல். வேலை செய்வோராக விறாந்தையில் கட்டப்பட்டிருந்த ஓர் ஆட்டைத் தவிர இன்றுவரை எவரையும் காணவில்லை. பூட்டின் திறப்பை வைத்திருப்பவர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் ஜனாப் அசனார் அவர்கள். கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “ஊர் ஆம்புளைகள்ற மானத்த வாங்கவா மண்டபம் தந்த? அந்த ‘ஹீ’ ஆரெண்டு எழுத்துல கொண்டாங்க. பொறகு திறப்பப் பத்திக் கதைப்பம்.” அவர் நல்ல மனிதர், ஊருக்குப் பலதும் செய்தவர். அவருடைய வெள்ளிக்கிழமைகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. சந்தையில் மீன்காரர் முன்னால் இரண்டு தடவை முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டோம். இரண்டு தடவையும் சலாம் சொன்னதோடு சரி.

7. இப்போது வகுப்பு அந்த எட்டுப் பெண்களுக்கு மட்டும் என் கடை முகப்பில் நடக்கிறது. ஏழு பேருக்குத்தான் இடமுண்டு. எட்டாமவர் வீதியில் நிற்கிறார். முச்சக்கர வண்டி வந்தால் வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு ஒதுங்குகிறார். சென்ற செவ்வாய் றஸீனா “ஐ” என்று தொடங்கினார். மணல் லொறி ஒன்று வந்தது. அது போன பின் என்ன சொல்ல வந்தேன் என்று மறந்துபோய் நின்றார். கண்காட்சிக்கு இன்னும் இருபத்தாறு நாட்களே உள்ளன. தரகரும் தன் உதவி தேவையா என்று இரண்டு முறை வந்து கேட்டுப் போய்விட்டார்.

8. ஆகவே, தலைவர் அவர்கள் கேட்டபடி எழுத்தில் தருகிறேன். மேற்படி வாக்கியங்களில் வரும் ‘ஹீ’ வேறு எவருமல்லர், இம்மனுதாரராகிய நானே. ஆறு வருடமாக வாவியில் நான் பிடித்தது இரண்டு நண்டும் ஒரு செருப்பும். வந்து போன பதினொரு பேரும் கிராம உத்தியோகத்தரும் தலைவரும் இதனால் முற்றாக விடுவிக்கப்படுகிறார்கள். பூட்டு விழுந்த பின்னும் பதினாறு நாட்கள் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை, பயம். ஊருக்குப் பயமல்ல. என் மீனைப் புகழ்ந்து புகழ்ந்து சமைத்தவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார்.

9. என் கையெழுத்தை எவராலும் வாசிக்க முடியாதாகையால், இம்மனுவைத் திருத்தமாக எழுத வேறு வழியின்றி அவரிடமே கொடுத்தேன். பந்தி 8 வரை எழுதினார். பிறகு பேனையை வைத்துவிட்டு, “இஞ்சருங்க, அறக்குளா கடல் மீன். அது எப்ப வாவிக்கு வந்த? அதுவும் தலையில ஐஸையும் வெச்சிக்கிட்டு?” என்றார். முதல் வெள்ளியே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க வீட்டுல இருந்தா தேத்தண்ணி, கத்தரிக்கோல், மூக்குக் கண்ணாடி எண்டு எத்தின தரம் தறியால எழும்ப வேணும். வெள்ளிக்கிழமை காலையிலதான் நான் கை எடுக்காம நெய்யிற. கொழும்புக்குப் போற நீலச் சேலை முழுக்க வெள்ளிக்கிழமைதான்” என்றார். அன்றைய தேத்தண்ணியை நானே ஊற்றிக்கொண்டேன்.

10. எனவே தாங்கள் தயவுகூர்ந்து, (அ) மண்டபத்தை உடனே திறப்பித்து, ஆகஸ்ட் 8 வரையேனும் வகுப்பு அங்கே நடக்கவும், (ஆ) அந்த ஆட்டை அதன் சொந்தக்காரர் கூட்டிப் போகவும் ஆவன செய்யுமாறு பணிவோடு வேண்டுகிறேன். நீலச் சேலையை நெய்தவர், அதை நெய்தது தானே என்று தன் வாயால் சொல்வதைக் கேட்கக் கொழும்புக்குப் போகும் வண்டியில் எனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். பொதி தூக்குபவராக.

இடம்: ஏறாவூர்
திகதி: 2025.07.14

தங்கள் உண்மையுள்ள,
மீ. நஸீர்

மேலே எழுதியவை யாவும் உண்மை. வெள்ளிக்கிழமைகளில் இவர் வழமைபோல் தூண்டிலோடு போவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. போகவேண்டும் என்பதே என் கோரிக்கையும்.

றபீக்கா நஸீர்
(மேற்படி மீனைச் சமைத்தவர், மேற்படி சேலையை நெய்தவர்)