மூன்று சனிக்கிழமைகளும் ஒரு பீப்பாயும்

மரானோ,
23 மார்ச் 1958

அன்புள்ள என் கணவருக்கு,

எர்மெலிண்டா எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் நீவெஸும் உங்கள் அப்பாவும் சுகம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த நாலு வரிக்குள் மூன்று முறை எழுந்து போய்விட்டு வந்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீவெஸ் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த இனிப்பு ஒயின் போய்விட்டது. காடியாகவில்லை, இனிப்புதான் போய்விட்டது.

நீங்கள் சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பிய பிறகு மூன்று மாதம் அந்தத் திராட்சையை நான்தான் பார்த்தேன். பரணில் நாணல் தட்டுகளில் பரப்பியதைக் குலை குலையாகப் புரட்டி, பூசணம் பிடித்ததைக் கிள்ளி எறிந்தேன். மூடுபனி இறங்கினால் ஜன்னலைச் சாத்து, காற்று வந்தால் திற என்று என் கால் தரையில் நிற்கவில்லை. ஜனவரிக் கடைசியில் சுருங்கி உலர்ந்த பழத்தை நானும் நீவெஸும் பிழிந்து பீப்பாயில் நிரப்பினோம். அதுவரை ஒரு குறையும் இல்லை.

அதற்கு மேல் உங்கள் வேலை. பீப்பாயில் காதை வைத்து, உள்ளே இரைச்சல் ஏறும்போது வேறு பீப்பாய்க்கு மாற்றி அடக்க வேண்டும். விட்டால் அந்த நொதிப்பு உள்ளே இருக்கும் சர்க்கரை முழுவதையும் தின்றுவிடும். மாமாவுக்குக் காது கேட்பதில்லை. பெண்பிள்ளை இதைத் தொடக்கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். நீங்களும் தபால் அட்டை போட்டீர்கள்: "சனிக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் பீப்பாயைத் தொடாதே."

அப்படி மூன்று அட்டை, மூன்று சனிக்கிழமை. ஒவ்வொரு தடவையும் முயல் கறி சமைத்துவிட்டுப் பேருந்துக்குப் போய் நின்றேன். முதல் வாரம் நீவெஸும் வந்தாள். இரண்டாம் வாரம், "நீயே போயிட்டு வாம்மா, எனக்குத் தையல் கிடக்கு" என்றாள். மூன்றாம் வாரம் நான் அவளைக் கூப்பிடவே இல்லை.

பொய் சொல்ல மாட்டேன். பிப்ரவரிக் கடைசியிலேயே நானும் காது வைத்துக் கேட்டேன். இன்றைக்கே மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. குழாயைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். நீங்கள் வந்து, "யாரைக் கேட்டு மாத்தினே?" என்று கத்துவீர்களோ என்று திரும்ப வைத்துவிட்டேன். அது என் தப்புதான்.

இன்று பூசை முடிந்து வந்ததும் மாமா ஒரு குவளை பிடித்துக் குடித்தார். "இனிப்பு மொத்தமும் ஓடிப்போச்சேம்மா! கல்யாணக் கேக்கைத் தின்னுட்டு இதைக் குடிச்சா சம்பந்தி மூஞ்சி கோணிக்குமே" என்று கத்தினார். திட்டிக்கொண்டே இரண்டாவது குவளையும் ஊற்றிக்கொண்டார். "ஆனா ஆளைத் தூக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களோடு சுரங்கப்பாதையில் வேலை பார்க்கும் ஒலிந்தோ போன வாரம் வந்திருந்தான். அவனுக்கு லீவு கிடைத்திருக்கிறது. "அண்ணன் நல்லாத்தான் இருக்கார் அண்ணி, வேலை ஜாஸ்தி" என்றான். பிறகு தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் மனைவிக்கு வாங்கி வந்த சாக்லேட்டில் பாதியை என் கையில் திணித்துவிட்டுப் போனான். ஏன் கொடுத்தான் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாக்லேட் அப்படியே அலமாரியில் இருக்கிறது.

ஏப்ரல் பன்னிரண்டு கல்யாணம். கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப்போக அப்பா வருவாரா என்று நீவெஸ் கேட்கிறாள். வர முடிந்தால் வாருங்கள். உங்களை யாரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். முடியாவிட்டால் வரமாட்டேன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மாமா அழைத்துப்போவார். அந்த ஒரு வரி பிப்ரவரியில் வந்திருந்தால் அன்றைக்கே பீப்பாயை மாற்றியிருப்பேன். சனிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் இனி எழுதாதீர்கள்.

குளிரில் மார்பைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். நீங்கள் எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும் மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள் மனைவி,
எர்மெலிண்டா