பன்னிரண்டு மணிச் சமாதானம்

முன்னணி அகழி, பிக்கார்தி, பிரான்ஸ்
4 மே 1915

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். பீரங்கிப் படையில் நீங்களும் நலம்தானே? ஒதில் அக்கா பின்னிய காலுறைகள் வந்தன. முழங்கால் சேற்றில் இரண்டு நாள்தான் தாங்கின, அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

தலையை நீட்டினால் இயந்திரத் துப்பாக்கி சீவிவிடுகிறது. அதனால் இரு தரப்பும் பெருச்சாளிகளாக மண்ணுக்குள் கிடக்கிறோம். ஆனால் பகல் பன்னிரண்டுக்கு யாரும் சுடுவதில்லை. ஒருநாள் எதிர் அகழியிலிருந்து ஒரு ஜெர்மன்காரன், "சுடாதீங்கப்பா, சூப் ஆறுது" என்று அரைகுறை பிரெஞ்சில் கத்தினான். "உனக்காவது சூப் இருக்கு" என்றான் என் கூட்டாளி ஃபிர்மான். இரண்டு பக்கமும் சிரிப்பு. அன்றிலிருந்து அரை மணி நேரம் நிம்மதி.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

அன்பு மைத்துனன்,
மார்சியல்

10 மே

அன்பு மச்சான்,

சிரித்துக்கொண்டே படித்தேன். அக்கா அடுத்த ஜோடி பின்னுவதாக எழுதியிருக்கிறாள்.

அந்த அரை மணியில் அவர்கள் தண்ணீருக்கு எங்கே வருகிறார்கள்? எங்கள் வரைபடத்தில் இருக்கும் அந்த இடிந்த ஆலைக் கிணற்றுக்கா? எத்தனை பேர்? உன்மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறேன்.

உன் அத்தான்,
அன்செல்ம்

14 மே

அன்புள்ள அத்தானுக்கு,

ஆலைக் கிணறுதான். இருபது பேர் வருவார்கள், கையில் வாளி மட்டும். கவலைப்படாதீர்கள்.

மார்சியல்

24 மே

சார்ஜெண்ட் அன்செல்ம் அவர்களுக்கு,

வியாழக்கிழமை பன்னிரண்டு ஐந்துக்கு நம் குண்டுகள் ஆலைக் கிணற்றில் விழுந்தன. நம் பீரங்கிகள் அதுவரை அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. மறுநாள் அதே நேரத்துக்கு அவர்கள் திருப்பி அடித்தார்கள். நாங்கள் சூப் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆறு பேர் போய்விட்டார்கள். ஃபிர்மான் மட்டும் கொஞ்ச நேரம் உயிரோடிருந்தான். "எவன்டா அவங்கள சீண்டுனது?" என்று என்னைக் கேட்டான். தெரியாது என்றேன். அப்போது உண்மையாகவே தெரியாது.

நேற்றுதான் உங்கள் கடிதம் கிடைத்தது. கிணற்றைக் குறித்துக் கொடுத்ததற்காக உங்களுக்குச் சார்ஜெண்டாகப் பதவி உயர்வு, பாதிப் பெருமை எனக்கு என்று எழுதியிருக்கிறீர்கள்.

எதிரியைக் கொல்வது உங்கள் வேலை. அதைக் குற்றம் சொல்லவில்லை. உத்தரவு என்று கேட்டிருந்தால் நானும் யோசித்துப் பதில் எழுதியிருப்பேன். அக்கறை என்று கேட்டீர்கள்.

ஃபிர்மானின் மனைவிக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது. அவன் எதனால் இறந்தான் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் எழுதி அனுப்புங்கள். வேறெதுவும் இனி எனக்கு எழுத வேண்டாம்.

மார்சியல் துய்வே,
காலாட்படை