சாவி போட்ட படம்

மார்ச் 4

என் அருமை உம்முவுக்கு,

உன் வாயாடி அக்கா எழுதுவது. நான் நலம், என் நாக்கும் நலம். நீ நலமா, உன் உம்மணாமூஞ்சி நலமா? போனில் கூப்பிட்டால் "உம்… உம்…" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து எதுவும் வராது. அதனால்தான் படிப்பு ஏறாத இந்தக் கையால் எழுத வேண்டியிருக்கிறது. தப்பு இருந்தால் திருத்திக்கொள், சிரிக்காதே. சிரிக்கிற வேலை என்னுடையது.

கேமரா எங்கேடி? ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியபோது என்ன பேசினோம்? ஒரு மாதம் உன்னிடம், ஒரு மாதம் என்னிடம். உன் வீட்டுக்காரர் வேலைக்காக நீ ஊர் மாறிப் போன பிறகும் டப்பாவில் பஞ்சு அடைத்துப் பார்சலில் போய் வந்துகொண்டுதானே இருந்தது? மார்ச் என் மாதம். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. அதை அனுப்ப உனக்கு லாரியா வேண்டும்?

இங்கே லாண்டரியில் எல்லாம் பழையபடிதான். ஆஸ்பத்திரி விரிப்புகள் மலை மலையாக வருகின்றன. மடிக்கிற மேசையில் நீ நின்ற இடத்தில் ஒரு புதுப் பெண். நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறாள். முறைக்க ஆள் இல்லாமல் எனக்குப் பேச்சே ருசிக்கவில்லை.

பெரிய செய்தி இனிமேல்தான். துணி காயப்போடுகிற முற்றத்தில் சுவரோரம் ஒரு பெரிய மரம் இருக்குமே, அதில் மரங்கொத்தி பொந்து போட்டிருக்கிறது! தலையில் சிவப்புக் குல்லா. மேஸ்திரி மாதிரி தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒரு கொத்து. பொந்துக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வேறு. என் போனில் எடுத்தால் மரமே தீக்குச்சி மாதிரி விழுகிறது. நம் பெட்டிக்குத்தான் மூக்கு நீளும்.

ஆமாம், போன தடவை நீ எடுத்து அனுப்பிய படங்கள்! பொத்தானைப் பாதி அழுத்து, பச்சைக் கட்டம் வரட்டும், அப்புறம் மீதியை அழுத்து என்று தலை தலையாக அடித்துக்கொண்டேன். நீ காலிங்பெல் அடிக்கிற மாதிரி குத்துகிறாய். அந்த நத்தை! நத்தையையே ஆட்டி எடுத்தவள் உலகத்தில் நீ ஒருத்திதான். மேசையில் எல்லோருக்கும் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தோம். படத்தில் தெளிவாக இருந்தது மூலையில் அந்த ஆரஞ்சுத் தேதி ஒன்றுதான். அது நான் எதையோ அமுக்கி வந்தது, எப்படி எடுப்பது என்று நம் இருவருக்குமே தெரியாது. இடம் வேண்டும் என்று உன் படங்களை எல்லாம் அழித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

சீக்கிரம் அனுப்பு.

உன் வாயாடி


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உம்மு வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம்.

கேமராவில் சார்ஜ் ஏறவில்லை அக்கா. கடையில் கொடுத்திருக்கிறேன். வந்ததும் அனுப்பிவிடுகிறேன்.

சமையலறை ஜன்னலில் ஒரு குளவி மண் கொண்டுவந்து கூடு கட்டுகிறது. வேலை முடிந்ததும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் எனக்குப் பழக்கமான ஆள் அது ஒன்றுதான்.

நத்தையையும் அழித்துவிட்டீர்களா?

உம்மு


மார்ச் 14

உம்முவுக்கு,

போனில் சொன்னால் "உம்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு கேலியும் கிடையாது. தேடாதே.

மரத்தை வெட்டப் போகிறார்கள். வண்டிகள் நிறுத்த இடம் போதவில்லையாம். சூப்பர்வைசர் சுவரோரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் துணிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"சார், பொந்துல குஞ்சு இருக்கு சார்."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன். ரெண்டு தலை தெரியுது."

"நீ போன மாசம் தண்ணித் தொட்டியில முதலை பாத்தவதானே? ரெண்டு பேரு வேலைய விட்டுட்டு ஓடுனாங்களே?"

"அது சும்மா சார். இது நெசம்."

"உன் நெசத்துக்கும் சும்மாவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலம்மா. படம் எடுத்துக் காட்டு. குஞ்சு தெரிஞ்சா மேல சொல்லி, அதுங்க பறக்கிற வரைக்கும் தள்ளிவைக்கிறேன். இல்லேன்னா இருபத்தொண்ணாம் தேதி மெஷின் வந்துரும்."

நல்ல மனுஷன்தான், சொன்னால் செய்வார். ஆனால் இங்கே யாரிடமும் மூக்கு நீளுகிற கேமரா கிடையாது. கேட்காத ஆள் இல்லை. நீ கடைக்குப் போய் எந்த நிலைமையில் இருக்கிறதோ அப்படியே வாங்கி அனுப்பு. இங்கே எலெக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கழுகு கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று போன வருஷம் எழுதி உன்னை அழவைத்தேன். அது பொய். இது பொய்யில்லை. என் கண்ணாணை.

உன் அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கழுகு, முதலை, இப்போது மரமா? "கேலி கிடையாது" என்று ஆரம்பித்துக் கேலி செய்வதும் உங்களுக்குப் புதிதில்லையே. கேமரா வேண்டுமென்றால் நேராகக் கேட்கலாம்.

கடைக்காரர் இன்னும் சில நாள் ஆகும் என்கிறார்.

உம்மு


மார்ச் 27

ஏ உம்மு,

அருமையும் கிடையாது, அன்பும் கிடையாது. படி.

இருபத்தொன்றாம் தேதி காலையில் மெஷின் வந்தது. நான் மரத்துக்குக் கீழே போய் நின்றேன். சூப்பர்வைசர் என்னைத் திட்டவில்லை. "படம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். நகர்ந்துவிட்டேன். டீ நேரத்துக்குள் மரம் தரையில் கிடந்தது. வெட்டியவர் தொப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"யம்மா, இது உள்ள இருந்துச்சு."

இரண்டு குஞ்சு. பறக்கிற அளவுக்கு இறகு வளரவில்லை. என்னைப் பார்த்து வாயைத் திறந்தன, நான் ஏதோ ஊட்ட வந்தவள் என்று. தலையணை உறையை நாலாக மடித்து, கூடையில் வைத்து, தண்ணீர் தொட்டு, எறும்பு பிடித்து, என்னென்னவோ செய்தேன். ஒன்று மதியம் போனது. இன்னொன்று வேலை முடிகிற மணி அடித்தபோது போனது. தாய் துணிக் கம்பிகளுக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. சூப்பர்வைசர் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நெசமாவே இருந்துச்சா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் செத்திருக்கலாம்.

நேற்று உன் பார்சல் வந்தது. கேமராவை அழுத்தினேன். கண் சிமிட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது! சார்ஜ் ஏறாத கேமரா! முதல் படத்திலேயே மூலையில் ஆரஞ்சுத் தேதி. தள்ளத் தள்ளத் தேதி. பத்து, பதின்மூன்று, பதினைந்து, பதினெட்டு. ஏண்டி, ரிப்பேர் கடையில் இருந்த கேமரா உன் வீட்டு ஜன்னலை எப்படி எடுத்தது? கடைக்காரர் வந்து எடுத்துக் கொடுத்தாரா? நான் சூப்பர்வைசர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நீ பூச்சிக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தாய்!

தேதியை மட்டும்தான் பார்த்தேன். படத்தைப் பார்க்க மனசு வரவில்லை. குப்பைத் தொட்டிப் பொத்தானை அழுத்தி மொத்தத்தையும் அழித்துவிட்டேன். நல்லா அழுத்தினேன், காலிங்பெல் மாதிரி. ஒரே ஒரு படம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. ஓரத்தில் சின்னதாக ஒரு சாவி தெரிகிறது. எத்தனை தடவை அழுத்தினாலும் கீக்கீ என்று கத்துகிறது. உன்னை மாதிரியே பிடிவாதம். அதையும் பார்க்காமல் அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

கேமரா இனி இங்கேயே இருக்கும். உன் பாதியை வேண்டுமானால் வந்து உடைத்து எடுத்துக்கொண்டு போ.

பெயர் எழுத இஷ்டமில்லை


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

பொய் சொன்னேன். கேமரா கடைக்குப் போகவே இல்லை. குஞ்சுகள் விஷயம் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டேன், அன்றைக்குச் சமைக்கவில்லை. அதற்கு நான் என்ன சொன்னாலும் பத்தாது.

ஆனால் நானும் கோபமாக இருக்கிறேன். போனில் "உம்" என்று சொல்லிச் சொல்லி எனக்குள்ளேயே நிற்கிற கோபம். எழுதிவிடுகிறேன்.

மூன்று வருஷம் மேசையில் உங்கள் எதிரே நின்றேன். ஒவ்வொரு தடவையும் என் படத்தை எல்லோருக்கும் காட்டி, "இது தும்மும்போது எடுத்ததா?" என்று கேட்டீர்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அந்த நத்தை மங்கல்தான், எனக்குத் தெரியாதா? மழை விட்டதும் துவைக்கிற கல் பக்கத்தில் மண்டி போட்டு, என் முட்டி வலிக்க வலிக்க எடுத்தேன். மங்கலாக இருந்தாலும் அது என் நத்தை. இடம் வேண்டும் என்று அழித்தீர்களே, உங்கள் படத்தில் ஒன்றையாவது அழித்தீர்களா?

இந்த ஊரில் என்னோடு பேச யாரும் இல்லை. இவர் காலையில் போனால் இருட்டிதான் வருவார். "ஜன்னலோட என்ன பேச்சு உனக்கு?" என்று கேட்கிறார். அந்தக் குளவி வரும், ஒரு உருண்டை மண்ணை வைக்கும், போகும், வரும். பூப் படம் போட்ட பொத்தானை வைத்துக் கிட்டத்தில் எடுக்கக் கற்றுக்கொண்டேன். மூச்சைப் பிடித்து, பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் வரும் வரை நின்று பார்த்தேன். எல்லாம் ஆடியது. கூடு முடிவதற்குள் ஒரு படம், நீங்கள் சிரிக்க முடியாத ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு அனுப்பலாம் என்று நினைத்தேன். அதற்குத்தான் பொய்.

மரத்தை நம்பவில்லை. சத்தியமாக நம்பவில்லை. பொய் என்னுடையது. நம்பாமல் போனதில் உங்களுக்கும் பங்கு உண்டு. நீங்கள் எதைத்தான் விளையாட்டாக எழுதவில்லை?

கடைசியில் ஒன்று கிடைத்தது. அதை யாரும் அழிக்கக் கூடாது என்று சாவி போட்டேன். அந்தப் பூட்டு இருப்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. உங்களுக்குப் பயந்துதான் போட்டேன். போட்டது நல்லதாகப் போயிற்று.

பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உம்மு


ஏப்ரல் 9

உம்முவுக்கு,

இதற்கு முன் எழுதிய இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். முதல் தாளில் திட்டு அதிகம். இரண்டாவதில் கேலி வந்துவிட்டது. உன் குளவிக்கு என் இடுப்பை ஒப்பிட்டு ஏதோ எழுதினேன், நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன்.

பார்த்தேன். நேற்று டீ நேரத்தில் துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தனியாகப் பார்த்தேன். குளவியின் வாயில் ஈர மண் உருண்டை. அதில் அதன் பல் பட்ட தடம். முன்னங்கால் இரண்டும் உருண்டையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இடுப்பு நூல் மாதிரி, அதற்குப் பின்னால் உன் ஜன்னல் கம்பி, கம்பியில் ஒரு சொட்டுத் தண்ணீர். மூக்கை நீட்டி நீட்டிப் பெரிசாக்கினேன். எங்கேயும் ஆடவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லைடி.

மூலையில் தேதி இருபத்தொன்று. அதையும் பார்த்தேன். இங்கே மரம் விழுந்த அதே நாள் அங்கே உனக்கு அந்தப் படம் கிடைத்திருக்கிறது. உன்னை இழுத்து வைத்து நாலு அறை விடலாம் போலவும் இருந்தது, புதுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நீ சொல்லாமல் உன் படத்தை இனி யாருக்கும் காட்டமாட்டேன்.

முதலைக்காகச் சூப்பர்வைசரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "இப்ப சொல்றது நெசமா, சும்மாவா?" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். நத்தைக்கு உன்னிடம் கேட்கிறேன். அதைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பொத்தானும் இல்லை. என் குஞ்சுகளுக்கும் இல்லை. இதில் யார் கணக்கு பெரியது என்று நாம் இரண்டு பேரும் பார்க்க ஆரம்பித்தால் ஆயுசு பத்தாது.

காலையில் மரங்கொத்தி வந்தது. மரம் இருந்த இடத்தைச் சுற்றிவிட்டு, துணி காயப்போடுகிற இரும்புக் கம்பத்தில் ஒட்டிக்கொண்டு கொத்த ஆரம்பித்தது. டங் டங் என்று ஒரே சத்தம். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் ஓடிப் போய்க் கேமராவை எடுத்தேன். பாதி அழுத்து, பச்சைக் கட்டம் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள், அவசரத்தில் ஒரே குத்தாகக் குத்திவிட்டேன். ஆடிவிட்டது. குல்லா எது, கம்பம் எது என்று தெரியவில்லை. ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான்.

அழிக்கவில்லை. உன் குளவிக்கு அடுத்த படம் அதுதான். சிரிக்கிறதானால் சிரித்துக்கொள், அழித்துவிடாதே. அதற்கும் ஒரு சாவி போட வேண்டும். எனக்குத் தெரியவில்லை. எந்தப் பொத்தான் என்று எழுது.

பஞ்சு அடைத்துக் கட்டிவிட்டேன். கோபம் இன்னும் போகவில்லை. கேமரா வருகிறது. ஏப்ரல் உன் மாதம்.

வாயாடி