கிளிஃப் அத்தானின் பச்சை மை

மோர்கம்,
இங்கிலாந்து,
9 பிப்ரவரி 2025.

அன்புள்ள ஜானிஸ் அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். ஸ்பெயினில் இப்போதே முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதியிருந்தாய். இங்கே மூன்று நாளாகக் கடல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் முழங்கால் மட்டும் சரியாக வானிலை சொல்கிறது.

ஒரு நல்ல செய்தி. ஃபாக்லாந்து தீவில் ஒரு மருத்துவமனைச் சமையலறைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். எழுதிப் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருட ஒப்பந்தம், ஜூன் இருபதாம் தேதி விமானம். அறுபது வயதில் உலகத்தின் கடைசி மூலைக்குப் போய் யாருக்குச் சமைக்கப் போகிறாய் என்று பக்கத்து வீட்டு மேரியன் கேட்டாள். சம்பளம் தருகிறவர்களுக்கு என்றேன்.

போவதற்கு முன் அரசு ஓய்வூதியப் பதிவில் சந்தா கட்டாமல் விடுபட்ட வருடங்களைக் காசு கட்டி நிரப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருடம் நான் வேலைக்குப் போகவில்லை, அது விடுபட்டிருக்கும் என்று தெரியும். சேமிப்பிலிருந்து அதைக் கட்டிவிட்டேன். அந்த மூன்று வருடத்தில் நீ இரண்டு தடவைதான் வந்தாய் என்று குத்திக்காட்ட இதை எழுதவில்லை.

விஷயம் வேறு. நீயும் அத்தானும் இங்கே நடத்திய தங்கும் விடுதியில் நான் வேலை செய்த ஒன்பது வருடமும் பதிவில் காலியாக இருக்கிறது. 1994-இல் தொடங்கி ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே, இனிக் கட்ட முடியாது, காலம் கடந்துவிட்டது என்று போட்டிருக்கிறது. கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

வரி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஐம்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஷோனா என்று ஒரு ஸ்காட்லாந்துப் பெண் வந்தாள். நல்ல பெண். "அவ்வளவு பழைய வருஷத்த இப்ப காசு குடுத்தும் வாங்க முடியாதும்மா. ஆனா உங்க சம்பளத்துல பென்ஷனுக்குக் கட்டணும், ஸ்டாம்ப்புன்னு சொல்லிப் பிடிச்சாங்களா? பிடிச்சிட்டு மேல கட்டலன்னா அது உங்க தப்பு இல்ல. பிடிச்சதுக்கு எழுத்துல ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க, அந்த வருஷமெல்லாம் உங்களுதுதான்" என்றாள்.

பிடித்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் பிடித்தார்கள். சாப்பாட்டு அறையில் நம் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து அத்தான் பழுப்பு உறையை நீட்டுவாரே, ஞாபகம் இருக்கிறதா? மனைவியானாலும் சம்பளம் சம்பளம்தான் என்று உனக்கும் ஒன்று. என் உறையைத் தரும்போது மட்டும், "வயசான காலத்துல என்னை நினைச்சுக்குவ, வெண்டி" என்பார். இப்போது நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏதோ மறதி என்றே வைத்துக்கொள்கிறேன். அத்தான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்: வெண்டி இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை வேலை செய்தாள், ஸ்டாம்ப் பிடித்தோம் என்று. ஒன்பது வருடம் போனால் முழு ஓய்வூதியம் எனக்கு இந்த ஜென்மத்தில் கிடையாது. உடனே பதில் போடு அக்கா. கெஞ்சிக் கேட்டதாகவே வைத்துக்கொள்.

உன் அன்புத் தங்கை,
வெண்டி


மோர்கம்,
3 ஜூன் 2025.

ஜானிஸுக்கு,

உன் கடிதம் மார்ச் மாதமே வந்தது. பதில் போடத் தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை. கோபம் இருந்தது, அது வேறு. எனக்கு வேலை இருந்தது.

நீ எழுதியதை உனக்கே ஒருமுறை எழுதிக் காட்டுகிறேன். "நீ அங்க வேலைக்காரியே இல்லன்னு கிளிஃப் சொல்றார். புருஷன் விட்டுட்டுப் போயிட்டான்னு பாவம் பார்த்துச் சோறு போட்டோம், கைச்செலவுக்குக் குடுத்தோம். ஒன்பது வருஷம் எங்க மேஜையில ஓசியில சாப்பிட்டுட்டு இப்ப கணக்குக் கேக்குறியா? எனக்கு அடுத்த வருஷம் முழுப் பென்ஷன் வருது. கிளிஃப் எல்லாத்தையும் ஒழுங்காக் கட்டி வெச்சிருக்கார். உனக்கு எதையும் சேர்த்து வெக்கத் தெரியாது, எப்பவுமே தெரிஞ்சதில்ல."

படித்துவிட்டு எழுந்து பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ஓசிச் சோறாம்! காலை ஐந்து மணிக்கு முப்பது பேருக்கு முட்டையும் பன்றி இறைச்சியும் பொரித்தவள் நான். நவம்பர் மாதம் கிழவர்களையும் கிழவிகளையும் பஸ் பஸ்ஸாகக் கூட்டி வந்து முன்கூட்டியே கிறிஸ்துமஸ் கொண்டாட வைப்பீர்களே, அந்த ஒரே மாதத்தில் பதினோரு தடவை வான்கோழி வாட்டியவளும் நான்தான். உண்மையான கிறிஸ்துமஸ் வரும்போது அந்த வாசனையே எனக்குக் குமட்டும். நீ வாசலில் நின்று விருந்தினரைக் கை குலுக்கி வரவேற்றாய். அதுவும் வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை.

பயணம் போவதால், நகராட்சியிடம் வாடகைக்கு எடுத்திருந்த என் காய்கறித் தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் அங்கே இருந்த கொட்டகையைக் காலி செய்யப் போனேன். மூலையில் பழைய மேஜை, அதன் இழுப்பறை முழுக்க என் விதைகள். பீன்ஸ், பட்டாணி, லீக் வெங்காயம். ஒவ்வொன்றும் சின்னப் பழுப்பு உறையில், மேலே என் பென்சில் எழுத்தில் பெயரும் வருடமும். குப்பையில் போடலாம் என்று ஒன்றைத் திருப்பினேன், ஜானிஸ். பின்பக்கம் பச்சை மை.

சம்பள உறைகளில்தான் நான் விதை போட்டு வைப்பேன் என்பது எனக்கே மறந்து போயிருந்தது. எத்தனையோ வசந்தம் அந்த உறைகளைக் கையில் எடுத்திருக்கிறேன், என் எழுத்தைப் படித்தேனே தவிர அவர் எழுத்தைப் படிக்கவில்லை. என் பெயர், தேதி, சம்பளம், கழித்தது ஸ்டாம்ப், மீதி. கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு, அதற்குக் கீழே உன் புருஷன் கையெழுத்து. திருடுகிறவன் இவ்வளவு சுத்தமாக எழுதி வைத்து நான் பார்த்ததில்லை.

கொட்டகைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு விதைகளையெல்லாம் ஒரு வாளியில் கொட்டினேன். உறைகளை வருட வாரியாக அடுக்க இரண்டு நாள் பிடித்தது. எதையும் சேர்த்து வைக்கத் தெரியாதவள் நானூற்றுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன்.

என் உறைகள் அத்தனையையும் பதிவுத் தபாலில் வரி அலுவலகத்துக்கு அனுப்பினேன். போன வாரம் ஷோனா கூப்பிட்டாள். "இந்த மாதிரி ஆதாரம் நான் பார்த்ததே இல்லம்மா. மேஜை பூரா மண்ணு" என்றாள். என் ஒன்பது வருடமும் எனக்குத் திரும்பிவிட்டது. இனி அவர்கள் பேச வேண்டியது உன் புருஷனோடுதான். ஸ்பெயின் விலாசம் கேட்டார்கள், கொடுத்தேன். ஓர் எழுத்து விடாமல் கொடுத்தேன். கதவில் மணி சரியில்லை, பலமாகத் தட்டச் சொல்லுங்கள் என்றும் சொல்லி வைத்தேன்.

அவருக்கு இதயம் சரியில்லை என்று நீ எழுதியிருந்தாய். வருத்தம்தான் என்று எழுதலாம். பொய் எழுத வரவில்லை. தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இதயம் கொஞ்சம் அடித்துக்கொள்ளட்டும்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது, இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. சம்பளத்தை எடுத்துக்கொண்டு உன் உறையை நீ சமையலறைக் குப்பையில் வீசுவாய். எனக்கு விதை போட உறை போதாது. உன்னுடையதையும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். கொட்டகையில் இருந்தது ஒரு பெயர் இல்லை, இரண்டு பெயர். அதே பச்சை மை, அதே கோடு, கழித்தது ஸ்டாம்ப்.

என்னோடு இன்னொருத்தியும் வேலை செய்தாள், அவள் பதிவு எப்படி என்று உன் பெயரைச் சொல்லி ஷோனாவிடம் கேட்டேன். அடுத்தவர் விவரம் சொல்லக் கூடாதாம். ஆனால் கணினியில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அவங்களையே போன் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்க. சீக்கிரம்" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் போனது ஒன்பது வருடம். நீ அந்த விடுதியில் இருந்தது இருபத்திரண்டு வருடம், ஜானிஸ். போன் செய். ஐம்பது நிமிடம் பாட்டுப் போடுவார்கள், அவர் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்.

உன் உறைகள் என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. நான் இருந்த ஒன்பது வருடத்துக்குத்தான் இருக்கும், மற்றதற்கு நான் பொறுப்பில்லை. தபாலில் அனுப்ப மாட்டேன், அவர் கைக்குப் போய்விடும். எரிக்கவும் மாட்டேன். பத்தொன்பதாம் தேதி வரை வீட்டில்தான் இருப்பேன். நீ வா. தனியாக வா. சமைத்துப் போடுகிறேன், என் மேஜையில் உட்கார்ந்து ஓசியில் சாப்பிடு. சாப்பிட்டு முடித்ததும், "வெண்டி, நீ எங்க வீட்டுல வேலை செஞ்ச" என்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல். டப்பாவை அந்த நிமிடமே உன் கையில் தருகிறேன். அதை வரி அலுவலகத்தில் கொடுத்து உன் கையாலேயே உன் புருஷனைக் காட்டிக்கொடுப்பதும், மூடி வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் படுத்துத் தூங்குவதும் உன் பாடு. வராவிட்டால் டப்பாவும் என்னோடு விமானம் ஏறும்.

இந்தக் கடிதத்தோடு ஓர் உறை வைத்திருக்கிறேன். 1997 ஜூலை, உன் பெயர்தான். உள்ளே ஐந்து பீன்ஸ் விதைகளைத் திரும்பப் போட்டிருக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு முளைக்குமா, தெரியாது. உன் முற்றத்துத் தொட்டியில் ஊன்றி, தண்ணீர் ஊற்றிப் பார். நன்றாக இரு. உறையை மட்டும் இந்தத் தடவை எறிந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் விடுதியில் ஒன்பது வருடம் வேலை செய்த
வெண்டி