நெடுங்கரைக்கு மேலே, முந்நூறு மீட்டர்

2047 மார்ச் 11, காலை 9:10
நான் இசபெல்லா தனராஜ், எரிவாயுக் குழாய் நிறுவனத்தின் ஆய்வாளர். விமானத்தில் நான் மட்டும். காற்று கிழக்கிலிருந்து. விமானத்தின் அடியிலிருந்து லேசர் நிலத்தைத் தொட்டுத் திரும்புகிறது. வழியில் மீத்தேன் இருந்தால் திரும்பும் ஒளி குறையும். நெடுங்கரைப் பள்ளிக்குப் பின்னால், குழாயின் மேல், குறைந்தது. இயல்பைவிட அறுபது மடங்கு வாயு. காற்று அதைப் பள்ளிக்குக் கொண்டுபோகிறது.

9:22
கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோவில் சொன்னேன், குழாயை மூடச் சொல்லி. பொறுப்பாளர் மகுடபதியின் பதில்: "அது வயல்ல இருந்து வர்ற மீத்தேன் மேடம். லைன்ல ஒண்ணும் இல்ல. அடுத்த ஊருக்குப் போங்க." வயல் மீத்தேன் மெல்லியதாகப் பரவி வரும். இது ஒரே இடத்தில் பீறிடுகிறது. குழாய் வாயுவில் இருக்கும் ஈத்தேனும் கலந்திருக்கிறது. நெல் வயலில் ஈத்தேன் ஏது? மகுடபதிக்கு இது தெரியாதா? தெரியும்.

9:31
எண்பது மடங்கு. மறுபடி கேட்டேன். மூடமாட்டார்களாம், இந்த வாயுவில் ஓடப்போகும் புது மின்நிலையத்துக்கு இன்று திறப்பு விழாவாம். சட்டென்று லேசர் அணைந்தது. தரையிலிருந்து அணைத்துவிட்டார்கள். திரையில் காலைப் பதிவுகளும் இல்லை. இதுவரை நடந்ததை வரைபடத்தின் பின்பக்கம் பென்சிலால் திரும்ப எழுதிவிட்டேன். இதை அவர்களால் அழிக்க முடியாது.

9:38
கைபேசியில் பள்ளியை அழைத்தேன். தலைமை ஆசிரியை மெகருன்னிசா. அடுப்பு, சுவிட்ச், மணி எதையும் தொடாமல் பிள்ளைகளைத் தெற்கே ஓட்டிப்போகச் சொன்னேன். அவர் ஒன்றே கேட்டார்: "எத்தன நிமிசம் இருக்குங்க?"
தெரியவில்லை என்றேன்.

9:47
தெற்குச் சாலையில் வெள்ளைச் சட்டைகள் ஓடுகின்றன. மகுடபதி: "யாரக் கேட்டு ஸ்கூலுக்குப் போன் பண்ணீங்க? கேஸ் போடுவாங்க." போடட்டும். விமானம் தானாகக் கிழக்கே திரும்புகிறது. கைப்பிடி எனக்கு அடங்கவில்லை. இதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

9:54
பின்னால் வெளிச்சம். பிறகு சத்தம். விமானம் குலுங்கியது. பள்ளி இருந்த இடத்தில் நெருப்பு.

10:01
மெகருன்னிசா அழைத்தார். "நூத்திப் பன்னெண்டு புள்ளைங்களும் வந்துட்டாங்க. சத்துணவு சமைக்கிற தனபாக்கியம் எல்லாரையும் எண்ணி அனுப்பிட்டு, கழிவறையில யாராச்சும் இருக்காங்களான்னு பாக்கப் போனாங்க. திரும்பி வரல."
தனபாக்கியம். இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் அந்தப் பெயரை உரக்கச் சொல்லுங்கள். கொன்றது நெருப்பு மட்டுமில்லை.

10:09
மகுடபதி, குரலே உயராமல்: "மேடம், இன்னிக்கு நீங்க பறக்கவே இல்ல. ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு."
கீழே கடல். கைபேசியில் சிக்னல் இல்லை. விமானம் இறங்குகிறது. தாளைச் சோற்று டப்பாவில் வைத்து மூடப்போகிறேன். நான் பறந்தேன். நான் பார்த்தேன். அறுபது மடங்கு, எண்பது மடங்கு, மூடச் சொல்லி இரண்டு முறை கேட்