தரம் ஒன்பதில் கேட்ட சிரிப்பு

யூன் 3
இன்றும் தரம் ஒன்பதிலிருந்து சிரிப்பு. விஞ்ஞான பாடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? ஹாலிதா ரீச்சர் முல்லைத்தீவிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு தவணைகூட ஆகவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கரும்பலகை வெறுமை. பிள்ளைகள் ஒரு வாளியைச் சுற்றி நின்றார்கள். தண்ணீரில் ஒரு தோடம்பழம் மிதந்தது. தோலை உரித்துப் போட்டார், தாழ்ந்தது. “பாரம் குறைஞ்ச பிறகு ஏன் தாழுது? நாளைக்கு நீங்கள் சொல்லுங்கோ.” அவ்வளவுதான் பாடம்.

யூன் 5
பகுதித் தலைவர் என்ற முறையில் ஹாலிதாவிடம் கேட்டேன். “விடையைச் சொன்னா கொப்பியில எழுதிப்போட்டு மறந்திடுவினம் ரீச்சர். சொல்லாமல் விட்டா வீட்டை போயும் யோசிப்பினம்” என்றார்.
கெட்டிக்காரத்தனமான பதில். அதுதான் இடிக்கிறது.
நானும் விஞ்ஞானம்தான் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் கொட்டாவி.

யூன் 17
என் கணவர் நடத்தும் ரியூசனுக்குத் தரம் ஒன்பதுப் பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டதாம். “உங்கட புது ரீச்சர் சோதினைக் கேள்வியளை முதலே சொல்லிக் குடுக்கிறா போல. இல்லாட்டி ஏன் அவவோட இப்பிடி ஒட்டுதுகள்? நீர் கவனமாப் பாரும்.”
இருக்குமோ? தரம் ஒன்பதில் வாயே திறக்காத தேனுகா இன்று என்னை மறித்து, “பால் பொங்கி வழியுது, தண்ணி ஏன் வழியேல்ல ரீச்சர்?” என்று கேட்டாள். இதையும் ஹாலிதாவே சொல்லி அனுப்பினாரோ? என்னைச் சோதிக்கவோ?

யூன் 18
தேனுகாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

யூலை 3
முடிவெடுத்துவிட்டேன். தவணைப் பரீட்சைக்கு ஹாலிதாவின் வினாத்தாள் வேண்டாம். நானே தயாரித்தேன், அதிபருக்கு மட்டும் தெரியும். கடைசிக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லாதது: விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீர் ஏன் சூடாக இருக்கிறது? வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சாயம் வெளுக்கட்டும்.

யூலை 8
நானே மேற்பார்வைக்கு நின்றேன். தேனுகாவும் மற்றவர்களும் பேனையைக் கடித்தார்கள், எழுதினார்கள், வெட்டினார்கள். கேள்விகளை முன்கூட்டித் தெரிந்தவர்களின் முகங்கள் இல்லை அவை.
பின்வரிசையில் நாலைந்து பேர் பாதி நேரத்தில் முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். கிணற்றுக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரே வசனம். சொல்லுக்குச் சொல்.
“இது ஆர் சொல்லித் தந்தது?”
நிருஷன் சந்தோசமாகச் சொன்னான்: “உங்கட சேர்தான் ரீச்சர். நேற்று ரியூசனில செய்விச்சவர்.”
எங்கட சேர்.
அலுமாரித் திறப்பு குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

யூலை 9
இவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றார்.

யூலை 10
கேட்டேன். முதலில் இல்லை என்றார். நிருஷனின் பெயரைச் சொன்னதும் கதிரையில் இருந்துவிட்டார்.
“பிள்ளையள் எல்லாம் அங்கால போகுதுகள், ஜெகா. இந்த ஒருக்காத்தான்...”
“அப்ப அந்த மனிசியைப் பற்றிச் சொன்ன கதை?”
எழும்பி முற்றத்துக்குப் போனார். என்ர கடவுளே, என்னை வச்சே அவவை மாட்டிவிடப் பாத்தவரே? நானும் எடுபட்டுப் போனனே?

யூலை 14
அதிபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சை ரத்து. மாங்குளச் சந்திவரை கதை போயிருக்கும்.
ஹாலிதாவிடமும் சொன்னேன். “உங்களிலதான் எனக்குச் சந்தேகம் இருந்தது.”
“தெரியும் ரீச்சர். ஜன்னலடியில நிக்கேக்க கண்டனான். உள்ளுக்கு வந்திருந்தா ஒரு கதிரை போட்டிருப்பன்” என்றார்.

யூலை 17
ஹாலிதாவின் வகுப்பில் போய் இருந்தேன். கேள்வி கேட்டுவிட்டு அவர் பேசாமல் நிற்கிறார். அந்த அமைதி எனக்குத்தான் தாங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது, ஒருத்தி தொடங்க மற்றவள் மறுக்கிறாள். நான் ஒரு நாளும் அவ்வளவு நேரம் பொறுத்ததில்லை.

யூலை 21
புது வினாத்தாளை ஹாலிதாவும் நானும் பாடசாலையிலேயே இருந்து எழுதி, அதிபரிடம் கொடுத்தோம். வீட்டுக்கு வரப் பொழுதுபட்டுவிட்டது. இவர் கேற்றடியில் நின்றார். “பையைத் தாரும், களைச்சுப் போய் வாறீர்” என்று கையை நீட்டினார்.
பைக்குள் வெறும் சாப்பாட்டுப் பெட்டிதான்.
கொடுக்கவில்லை.